மலை விழுந்த கடல்

எரிமலை என்றதும் நம் மாணவர் மனக்கண்முன் எழுவது, செந்தீக் குழம்பு வழிந்தோடும் ஒரு மலையே. பாடநூற் படங்கள் செய்த வேலை அது. புவியியல் கற்பித்த காலத்தில், கிரக்கத்தோவாவைப் பற்றிப் பேசத் தொடங்குமுன், அப்படத்தை மனத்திலிருந்து அழித்துவிடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. 1883ஆம் ஆண்டில் அத்தீவு வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, கடல்.

யாவாவுக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணையிலே கிரக்கத்தோவா இருந்தது. அங்கே இந்து சமுத்திரத்தின் அடித்தளமாகிய புவித்தட்டு, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் அத்தீவுகளின் கீழே அமிழ்கின்றது. (2004 டிசெம்பரில் நம் கரைகளை அழித்த ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கமும் இதே எல்லையின் வடபகுதியிலேதான் நிகழ்ந்தது.) அமிழும் பாறை தன்னுள் அடங்கிய நீரையும் உடன்கொண்டு செல்கின்றது. ஆழத்திலே அந்நீர் பிரிந்து மேலுள்ள பாறையிற் புகுகின்றது. புகவே, அப்பாறை தனக்கு இயல்பான வெப்பநிலையிலும் குறைந்த வெப்பநிலையில் உருகிவிடுகின்றது. கடலடியில் வடவைத் தீ உறைகின்றது என்றனர் நம் முன்னோர். அவர்கள் இதை அறிந்து சொல்லவில்லை என்றாலும், நீரே நெருப்புக்குத் துணைபோகும் விந்தை இங்கே மெய்யாகின்றது.

ஹவாய்த் தீவுகளின் பாறைக்குழம்பு இளகி ஓடுவது. அதிலுள்ள வாயு எளிதில் வெளியேறும். கிரக்கத்தோவாவின் குழம்போ களிபோலத் தடித்தது. அதிற் கரைந்த நீராவியும் பிற வாயுக்களும் அடைபட்டுக் கிடந்து, மேலழுத்தம் குறைந்ததும், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல ஒருங்கே நுரைத்தெழும்.

1883 மே 20ஆம் திகதி புகை எழுந்தது. ஒரு வாரங் கழித்து, பத்தாவியாவிலிருந்து ‘லவுடன்’ என்னும் நீராவிக் கப்பல் வேடிக்கை பார்ப்போரை அங்கே ஏற்றிச் சென்றது! அவர்கள் தீவில் இறங்கிப் பார்த்துத் திரும்பினர். அதே கப்பல் ஓகஸ்ட் 27 காலையில் சுமாத்திராவின் தெலோக் பெத்தோங் துறையில் நின்றது. கப்பற்றலைவர் முகப்பை அலைக்கு நேரே திருப்பினார். கப்பல் அலைமீது ஏறி இறங்கித் தப்பியது. பின்னாலிருந்த பட்டினம் அழிந்தது.

அன்று முற்பகல் 10 மணியளவில் எழுந்த பெருவெடி, 4,800 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ரொட்றிக்ஸ் தீவிலும் பீரங்கி முழக்கம்போற் கேட்டது. இலங்கையிலும் கேட்டது. காலித் துறைமுகத்திற் கடல் பின்வாங்கி மீண்டும் ஏறியது. செப்டெம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஞாயிறு பச்சையாய்த் தோன்ற, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அவ்வொளியை நிறமாலைகாட்டி கொண்டு ஆராய்ந்தார்.

தீவின் மூன்றில் இரு பங்கு மறைந்தது. அது எங்கே போயிற்று? மலை தூளாகிப் பறந்தது என்று எண்ணுவது இயல்பே. ஒல்லாந்தப் புவிச்சரிதவியலாளர் வேர்பீக் வெடிப்பினால் வெளிவந்த பொருளை ஆராய்ந்தார். அதில் பழைய மலையின் கல் மிகச் சொற்பம். ஏனையவெல்லாம் புதிய குழம்பின் நுரை. ஆகவே மலை பறக்கவில்லை. தன் அடியிலிருந்த குழம்பைக் கக்கிவிட்டு, அவ்வெறுமையினுள் தானே இடிந்து விழுந்தது. இவ்வெடிப்பின் வரலாற்றிலே நான் மிகவும் மதிப்பது இச்சிறு தருக்கத்தையே. மலையிருந்த இடத்திலே இருநூறு மீற்றருக்கு மேல் ஆழமான கடல் நின்றது. கொதிக்கும் சாம்பலும் கல்லும் வாயுவும் பெருவெள்ளமாய்க் கடலிற் பாய்ந்து நீரைத் தள்ளியமையே அலைகளுக்கு முதற்காரணம் என்பர் ஆய்வாளர் பலர்.

1884 மே மாதம், எஞ்சிய தீவுத் துண்டிலே பிரெஞ்சுக்காரர் கொத்தோ கண்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு சிறு சிலந்தி. பின்னர் அங்கே காடு வளர்ந்தது.

1927இன் இறுதியில் அதே கடலடியிற் புதிய வெடிப்பு நிகழ்ந்து, வேறொரு மலை தலைகாட்டிற்று. அதற்கு ‘கிரக்கத்தோவாவின் பிள்ளை’ என்னும் பொருள்பட ‘அனாக் கிரக்கத்தாவு’ என்று பெயர். 338 மீற்றர் வரை வளர்ந்த அம்மலையின் தென்மேற்குப் பக்கம், 2018 டிசெம்பர் 22ஆம் திகதி இரவு கடலிற் சரிந்தது. கடலோர எச்சரிக்கை ஏற்பாடு நிலநடுக்கத்தை எதிர்பார்த்து அமைந்தது. அன்றோ எச்சரிக்கத்தக்க நடுக்கம் எதுவும் முன்வரவில்லை. 400 பேருக்கு மேல் இறந்தனர். மலையில் எஞ்சிய உயரம் ஏறத்தாழ 110 மீற்றர். அதன்பின் நிகழ்ந்த வெடிப்புக்களால் அது மீண்டும் வளரத் தொடங்கியது.