கம்பியைத் தொட அனுமதி உண்டா?

தஞ்சை ஜில்லா விவசாயி விதை நெல்லை வாங்கியதும் நாற்றங்காலில் வீசிவிடுவதில்லை. ஒரு பிடியை ஈரச் சாக்கில் முளைகட்டிப் பார்க்கிறார். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பெண் கொடுக்கும் இடத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். மூன்று தலைமுறைக் கதையும் விசாரணைக்கு வந்துவிடும். அப்பேர்ப்பட்ட நாம், சித்திரை வெயில் தாங்காமல் ஏர்கண்டிஷன் யந்திரம் மாட்ட அழைக்கும் ஆளிடம் மட்டும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறோம்: "என்ன கூலி?"

இந்த யந்திரம் மேஜை விசிறி அல்ல. ஒன்றரை டன் யந்திரம் ஏறக்குறைய 1,500 வாட் மின்சாரத்தை மணிக்கணக்கில் இழுக்கிறது. பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டில், விளக்குக்கென்று போட்ட மெல்லிய கம்பியில் அதை மாட்டினால் கம்பி சுடும், உறை உருகும், மேலே இருப்பதோ மர உத்திரம்! எர்த் சரியில்லாமற் போய், வெளியே இருக்கும் இரும்புப் பெட்டியை ஒரு குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தனி லைன் வேண்டும் என்று வேலையாள் சொன்னாலும், "பழைய பிளக்கிலேயே மாட்டப்பா!" என்று செலவைக் குறைக்கும் எஜமானர்களும் உண்டு.

சட்டம் இதில் தூங்கவில்லை. வீடுகளில் மின் வேலையை லைசென்ஸ் பெற்ற கண்டிராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்றவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். கம்பியைத் தொடுகிறவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலேயே இது இருந்தது. பின்னர் வந்த விதிகளிலும் தொடர்கிறது. பல்பு, விசிறி, ஸ்விட்ச் மாற்றுவதற்கு விலக்கு உண்டு. புதிதாகத் தனி லைன் இழுப்பது அந்த விலக்கில் சேராது. தமிழ்நாட்டில் இந்த லைசென்ஸை வழங்குவது சென்னையிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஆனால் இந்தக் காகிதம் பாதி வேலைக்குத்தான் சாட்சி. யந்திரத்துக்குள் இருக்கும் வாயுவைக் கையாள நம் நாட்டில் அத்தகைய கட்டாய லைசென்ஸ் இல்லை. ஐ.டி.ஐ.யில் இத்தொழிலைப் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள். படிக்காமல் கைப்பழக்கத்தில் வந்தவர்களும் இருக்கிறார்கள். இப்போது வரும் யந்திரங்கள் பலவற்றில் உள்ள ஆர்-32 வாயு ஓரளவு தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பதோ சாக்ஷாத் புரொப்பேன், நன்றாகவே எரியும். குழாயில் கசிவு பார்க்க நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். அதற்குப் பதில் ஆக்ஸிஜன் ஏற்றினால், கம்ப்ரஸர் எண்ணெயுடன் கலந்து வெடித்துவிடும். "நைட்ரஜன் கொண்டு வருவீரா?" என்ற ஒரு கேள்வியிலேயே ஆளின் தரம் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த வாயுவைக் கையாளுகிறவர்கள் பரீட்சை தேறிச் சான்று பெற வேண்டும் என்பது 1994 முதல் சட்டம். கலிபோர்னியாவில் கண்டிராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வாரியம் 1929-லேயே ஏற்பட்டது. லைசென்ஸ் எண்ணைக் கொண்டு, அது செல்லுமா, அந்த மனிதர் மீது நடவடிக்கை ஏதேனும் உண்டா என்று அங்கே எவரும் பார்த்துக்கொள்ளலாம்.

அதைக் கண்டு நாம் பிரமிக்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-ம் ஆண்டில் வெட்டிய உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். ஊர் வாரியத்தில் முன்பு இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது! ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் பொறுக்குவதற்கே இவ்வளவு கண்டிப்பு.

ஆகையால் வேலை தொடங்குமுன் லைசென்ஸைக் கேட்டு வாங்கி, எண்ணையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். அதிலுள்ள பெயருக்கும் ஏணியில் ஏறப்போகும் ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரியுங்கள். ஒருவர் லைசென்ஸை ஊரெல்லாம் காட்டிப் பிழைப்பதும் நடக்கிறது. அவர் போன வாரம் செய்த வீட்டைக் காட்டினால் போதாது. இரண்டு மழைக்காலம் கண்ட வீட்டைக் கேளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்புத் தாங்கியை எப்படி அரித்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். மின் வாரியத்தில் பதிந்துள்ள பளு போதுமா, போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு மனு எழுத உதவுவாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

நல்ல தொழிலாளி இக்கேள்விகளுக்குக் கோபிப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து சீட்டைத் தாமே எடுத்து நீட்டுவார். வேலை முடிந்ததும் லைசென்ஸ் எண் எழுதிய ரசீதை வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள். பின்னால் ரிப்பேருக்கு வருகிறவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.