விதை மீனைப் பிடிக்கலாமா?

சூரைக் குஞ்சுகளைக் காப்பாற்ற மிதவைக்குக் கட்டுப்பாடு

விதை நெல்லைக் குத்திச் சோறாக்கும் விவசாயி உண்டா? கிடையாது. வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் விதை நெல்லில் கை வைக்க மாட்டார். வைத்தால் அடுத்த ஆண்டு வயல் தரிசாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்தியப் பெருங்கடலில் விதை நெல்லுக்குச் சமமான ஒன்றை டன் டன்னாக அள்ளுகிறார்கள். அது என்ன தெரியுமா?

சூரை மீன் குஞ்சு!

கடற்கரைக்காரர்களுக்குச் சூரையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குழம்புக்கு ஆகும்; வறுவலுக்கும் ஆகும். மாசிக் கருவாடு ஆவதும் இந்த மீன்தான். மேல்நாடுகளில் இதை டின்னில் அடைத்து விற்கிறார்கள்.

மூன்று வகை

சூரையில் பல வகை உண்டு. இங்கே மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, வரிச்சூரை. இது சிறிய மீன். ஒரு முழ நீளம் வளர்ந்ததுமே முட்டையிடத் தொடங்கிவிடும். வேகமாகப் பெருகும்.

இரண்டாவது, மஞ்சள் துடுப்புச் சூரை. இது ஆள் உயரத்துக்கு வளரும். எடை 100 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் இரண்டு முழத்துக்கு மேல் வளர்ந்த பிறகே பெரும்பாலும் சினை பிடிக்கும். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

மூன்றாவது, பெருங்கண் சூரை. இதுவும் பெரிய இனம். இதுவும் மெதுவாகவே பருவத்துக்கு வரும்.

பெரிய இனங்களின் குஞ்சுகள் வரிச்சூரை அளவில்தான் இருக்கும். அதனால் வரிச்சூரைக் கூட்டத்தோடு கூட்டமாக அவையும் நீந்தும். ஆபத்து அங்கேதான்!

மிதவை என்ற பொறி

கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தால் அதன் அடியில் மீன்கள் வந்து கூடும். இது மீனவர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம்.

இதைத்தான் பெரிய கப்பல்கள் தொழிலாக்கிக்கொண்டன. மூங்கிலாலோ இரும்பாலோ ஒரு தெப்பம் செய்கிறார்கள். அதன் அடியில் நீண்ட கயிறுகளைத் தொங்க விடுகிறார்கள். அதோடு ஒரு கருவியையும் கட்டிக் கடலில் விட்டுவிடுகிறார்கள். தெப்பம் நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் கருவி சூரிய ஒளியில் வேலை செய்கிறது. தெப்பம் எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் மூலம் கப்பலுக்குச் சொல்லும். அடியில் எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்பதையும் ஒலி அலையால் கணக்கிட்டுச் சொல்லும்!

கப்பல் மீனைத் தேடி அலைய வேண்டியதில்லை. விடியும் நேரத்தில் தெப்பத்தை நெருங்கி, சுருக்குமடி வலையைச் சுற்றிலும் போடுகிறது. வலையின் நீளம் ஒரு கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். பிறகு அடிக்கயிற்றைச் சுருக்கினால் பை போல் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பது எதுவும் தப்பாது.

வரிச்சூரைக்குப் போட்ட வலைதான். ஆனால் வலைக்கு வரிச்சூரை எது, மஞ்சள் துடுப்பின் குஞ்சு எது என்று தெரியுமா? ஒரு முறைகூட முட்டையிடாத குஞ்சுகளும் சேர்ந்தே மேலே வருகின்றன.

தெப்பம் இல்லாமல் தானாகத் திரியும் மஞ்சள் துடுப்புக் கூட்டத்தை வளைத்தால் இப்படி நேர்வது குறைவு. அதில் பெரிய மீன்களே அதிகம்.

கட்டுப்பாடு வந்தது

இந்தக் கடலின் சூரைக்குக் காவலாக ஓர் அமைப்பு உண்டு. அதன் பெயர் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம். 1996-ல் ஏற்பட்டது. செஷல்ஸ் தீவுகளின் தலைநகரான விக்டோரியாவில் இதன் அலுவலகம் இருக்கிறது. சுமார் 30 உறுப்பினர்கள் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அவற்றில் அடக்கம்.

2015-ல் விஞ்ஞானிகள் எச்சரிக்கை மணி அடித்தார்கள். மஞ்சள் துடுப்புச் சூரையை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார்கள் என்று கண்டார்கள்.

ஆணையம் மிதவைகளுக்கு வரம்பு கட்டியது. ஒரு கப்பல் ஒரே சமயத்தில் 550 மிதவைகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று 2015-ல் விதி வந்தது. 2016-ல் அது 425 ஆயிற்று. 2017-ல் 350, 2019-ல் 300. மஞ்சள் துடுப்புச் சூரையை எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கும் வரம்பு வந்தது.

மொம்பாசாவில் மோதல்

நம் தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்று 61 நாட்கள் தொழிலை நிறுத்துகிறார்கள். மிதவைக்கும் இதுபோல் விடுமுறை கொடுத்தால் என்ன?

இந்தோனேசியா, மாலத்தீவு முதலிய கடலோர நாடுகள் இதைத்தான் கேட்டன. 2023 பிப்ரவரியில் கென்யாவின் மொம்பாசா நகரில் ஆணையம் கூடியது. ஆண்டுக்கு 72 நாட்கள் மிதவை மீன்பிடிப்பு கூடாது என்று ஓட்டெடுப்பில் தீர்மானம் நிறைவேறியது!

ஆனால் ஆணையத்தில் ஒரு விதி உண்டு. ஒரு நாடு எதிர்ப்புத் தெரிவித்துவிட்டால் தீர்மானம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிர்த்தால் யாரையுமே கட்டுப்படுத்தாது. ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்தது. இன்னும் பல நாடுகள் எதிர்த்தன. தீர்மானம் ஏட்டோடு நின்றது.

எதிர்த்தவர்கள் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. செஷல்ஸ் தீவில் சூரையை டின்னில் அடைக்கும் பெரிய ஆலை இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அதுதான் பிழைப்பு. மீன் வராவிட்டால் ஆலை என்ன செய்யும்? ஆனால் குஞ்சுகள் அழிந்துபோனால் அப்போதும் அதே கேள்விதானே!

ஒரு கழி, ஒரு மீன்

மாலத்தீவு மீனவர்கள் சூரைக்கு வலை போடுவதில்லை. உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசுகிறார்கள். சூரை இரைக்குப் பாய்ந்து வரும்போது கழித் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். நம் மினிக்காய் தீவிலும் இதே முறைதான். இதிலும் குஞ்சு சிக்காமல் இல்லை. ஆனால் கடலையே வளைத்து அள்ளுவது போல் ஆகாது.

கட்டுப்பாடு பெரிய கப்பலுக்கு மட்டும் அல்ல. கடலில் மிதக்கவிடும் செவுள் வலை இரண்டரை கிலோ மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்று 2017-ல் முடிவாயிற்று. கரையோரக் கடலுக்கும் 2022 முதல் இது பொருந்தும். நம் பக்கத்து நாடுகளின் படகுகளுக்கும் இது பாடம்தான்.

பலன் உண்டா?

உண்டு. 2024-ல் மஞ்சள் துடுப்புச் சூரையை மீண்டும் கணக்கிட்டார்கள். அந்த இனம் ஆபத்துக் கோட்டைத் தாண்டி மீண்டுவிட்டது என்று தெரிந்தது.

அதற்காகக் காவலைத் தளர்த்தலாமா? கூடாது. 2022-ல் பெருங்கண் சூரையைக் கணக்கிட்டபோது அதுவும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தது. அந்த இனத்தின் குஞ்சுகளும் மிதவைக்கு அடியில்தான் கூடுகின்றன.

ஆணையம் 2024-ல் பாங்காக்கில் கூடி இன்னொரு படி ஏறியது. கப்பலுக்கு 300 என்று இருந்த மிதவை வரம்பு 2026-ல் 250 ஆகவும், 2028-ல் 225 ஆகவும் குறைய வேண்டும் என்று தீர்மானித்தது.

விதை நெல்லைக் காப்பாற்ற ஒரு விவசாயி போதும். அவர் வயலுக்கு வரப்பு உண்டு. கடலுக்கு வரப்பு இல்லை. ஒரு நாடு விட்டு வைத்த குஞ்சை இன்னொரு நாட்டுக் கப்பல் பிடித்துவிடும். எல்லா நாடுகளும் ஒரே சமயத்தில் கையைக் கட்டிக்கொண்டால்தான் குஞ்சு தாயாகும்.