பாமாயில் வழக்கும் பெரிய நாற்காலியும்

ரயில்வே, தபால், அரசு வங்கி. இங்கெல்லாம் பெரிய அதிகாரி ஒருவர் லஞ்சம் வாங்கினால் யார் கேட்பது? அதற்காக டெல்லியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பெயர் மத்திய கண்காணிப்பு ஆணையம். தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஒரு குழு யோசனை சொன்னது. அதன்படி 1964-ல் இந்த ஆணையம் ஏற்பட்டது. 2003-ல் இதற்குத் தனிச் சட்டம் வந்தது. லஞ்ச வழக்குகளில் சி.பி.ஐ. செய்யும் வேலையையும் இதுதான் மேற்பார்வை செய்கிறது.

(தாலுகா ஆபீஸ் புகாரை இங்கே அனுப்பிப் பயனில்லை. அது மாநில அரசின் அலுவலகம்.)

ஆணையத்தின் தலைவரை மூன்று பேர் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர். பிறகு குடியரசுத் தலைவர் நியமிப்பார்.

2010 செப்டம்பர் 3-ந் தேதி இந்த மூவரும் கூடினார்கள். பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ். மூன்று அதிகாரிகளின் பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் பி.ஜே. தாமஸ். "இவர் வேண்டாம்" என்றார் சுஷ்மா. மற்ற இருவரும் தாமஸையே தேர்ந்தெடுத்தார்கள்.

ஏன் வேண்டாம் என்றார்? அது பழைய கதை. 1991-92-ல் கேரள அரசு வெளிநாட்டிலிருந்து பாமாயில் வாங்கியது. அதிக விலை கொடுத்து வாங்கினார்கள், அரசுக்கு 2 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் என்று புகார் எழுந்தது. அப்போது உணவுத் துறைச் செயலாளர் தாமஸ். வழக்கில் அவர் பெயரும் சேர்ந்தது. வழக்கு முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. அதற்கிடையில் அவர் கேரளத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். பிறகு டெல்லியில் தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் ஆனார்.

நியமனத்தை எதிர்த்துச் சிலர் உச்ச நீதிமன்றம் போனார்கள்.

குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை ஒதுக்கலாமா? நியாயமான கேள்விதான். பொய் வழக்கு யார் மேலும் போடலாம். அரசு தரப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். 2008-ல் கண்காணிப்பு ஆணையமே இவருக்குத் தடையில்லை என்று சொல்லிவிட்டது என்றார்கள்.

ஒரு மகளிர் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் அக்காவின் மேல் பழைய கணக்கு பற்றிப் புகார் இருக்கிறது. விசாரணை முடியவில்லை. அவரைத் திருடி என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் வேலையை அவரிடமே கொடுப்பார்களா? தண்டனை கொடுப்பது வேறு. பொறுப்பு கொடுப்பது வேறு.

2011 மார்ச் 3-ந் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியாவும் இரண்டு நீதிபதிகளும் நியமனம் செல்லாது என்றார்கள். தாமஸ் குற்றவாளி என்று அவர்கள் சொல்லவில்லை. அலுவலகத்தின் நேர்மைதான் பெரிது என்றார்கள்.

நீதிமன்றம் ஃபைல்களையும் பார்த்தது. தாமஸ் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்று 2000 முதல் 2004 வரை மத்திய அரசின் அதிகாரிகளே பல முறை எழுதி வைத்திருந்தார்கள். மூவர் குழுவுக்குக் கொடுத்த குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை! முக்கியமான காகிதத்தைப் பார்க்காமல் எடுத்த முடிவு சட்டப்படி செல்லாது. யாரை நியமிப்பது என்பது அரசின் உரிமை. எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்பது நீதிமன்றத்தின் உரிமை.

மூவரில் ஒருவர் மறுத்தால் நியமனம் நின்றுவிடுமா? நிற்காது. பெரும்பான்மை போதும். ஆனால் மறுத்தவர் காரணத்தை எழுத வேண்டும். மற்றவர்களும் தங்கள் காரணத்தை எழுத வேண்டும் என்றது நீதிமன்றம்.

பிரதமர் நாடாளுமன்றத்தில் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2011 ஜூலையில் பிரதீப் குமார் என்ற அதிகாரி அந்த நாற்காலிக்கு வந்தார்.