பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாட்டு முடிந்த கையோடு அடுத்த பாட்டின் முதல் சுரம் வாயில் வந்துவிடும். நாடா வெறுமனே சரசரக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள், இன்னும் தொடங்காத வயலினையும் தபேலாவையும் மனம் வாசித்து முடித்திருக்கும். திருவொற்றியூரில் ஒரு கடையில், கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்து, அறுபது நிமிட டி.டி.கே. கேசட்டில் பதிந்து வாங்குவேன். அந்தப் பன்னிரண்டும் எந்தப் படத்திலும் சேர்ந்து வந்தவையல்ல. ஆனாலும் அதில் ஒரு பாட்டு இன்றைக்கு டீக்கடையில் ஒலித்து முடிந்தால், என் காது அந்த வரிசையின் அடுத்த பாட்டைத்தான் தேடுகிறது. வேறொன்று வந்தால், இல்லாத படியில் கால் வைத்ததுபோல் ஒரு தடுக்கல்.

இந்தத் தடுக்கலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆம்பர் லீவர், ஜோசப் ரௌஷெக்கர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களுக்கு வரிசை மாறாமல் மனப்பாடமாகிவிட்ட சி.டி.யை எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஒரு பாட்டின் கடைசிச் சில நொடிகளை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். பிறகு அமைதி. அந்த அமைதியில், உடலசைவுகளைத் திட்டமிடும் மூளைப் பகுதியும் நெற்றிக்குப் பின்னாலுள்ள பகுதியும் வேலை செய்யத் தொடங்கின. பழக்கமில்லாத பாட்டுக்குப் பின் வந்த அமைதியில் அப்படி நேரவில்லை. அடுத்த பாட்டைப் பாட மூளை எழுந்து நின்றுவிட்டது. தொண்டை மட்டும் திறக்கவில்லை.

அதற்கு நான்கு ஆண்டு முன்பே டார்ட்மத் கல்லூரியில் ஒரு குழு ரோலிங் ஸ்டோன்ஸின் ராக் பாட்டு ஒன்றை எடுத்து, நடுவே சில நொடிகளை வெட்டி ஊமையாக்கியது. பாட்டை அறிந்தவர்களின் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி, ஒலியே இல்லாத அந்த இடைவெளியிலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியிலும் பாட்டு தங்களுக்குள் தொடர்ந்து கேட்டதாகச் சொன்னார்கள் அவர்கள்.

சில நொடி இடைவெளியில் இவ்வளவு என்றால், ஒரு புதுத் தொகுப்புக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் ரசிகனுக்குள் என்னென்ன நடக்கும்? இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவன் என் அக்கா மகன். காட்டுப்பள்ளியில் வளர்ந்தவன். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிவெளியும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே போனால் பழவேற்காடு. நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அதன்மேல் துறைமுகம், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கப்பல் கட்டும் தளம், இவற்றுக்கு இடையே மீனவர் குப்பங்கள். அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் பார்க்கிறான். வேலை நேரம் போக, காதில் எப்போதும் கிட்டார்.

2017இன் இறுதியில் அவன் ஒரு குழுவுக்காகக் காத்திருந்தான். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பத்தொன்பது பேர். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் என்று அறிவித்திருந்தார்கள். முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6, கீழ்ப்பாக்கத்தில். "இன்னும் நாலு நாள் கீது மாமா" என்று போனில் அவன் சொன்ன குரலில், நாலு நாள் தாங்காது என்ற தவிப்பும் நாலு நாள் இருக்கிறதே என்ற சந்தோஷமும் சேர்ந்தே இருந்தன. அந்தக் குழுவின் ஒரு பாட்டையும் அவன் அதுவரை கேட்டிருக்கவில்லை. கேட்காத பாட்டுக்காக எப்படி ஏங்க முடியும்?

வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரின் குரங்குகளிடமிருந்து தொடங்கலாம். குரங்குக்குப் பழச்சாறு கிடைத்ததும், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் துடிக்கின்றன. சாற்றுக்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்கிறது. சாறு வரும்போது செல்கள் சாதாரணமாக இருக்கின்றன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், சரியாக வரவேண்டிய அந்த நொடியில் செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கற்றபின் அந்தச் செல்கள் கணக்குப் பார்ப்பது சாற்றை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. சுவரொட்டியைப் பார்த்ததும் நெஞ்சு படபடப்பதும், வெளியீடு தள்ளிப்போகிறது என்ற அறிவிப்பில் மனம் கனப்பதும் இந்தக் கணக்கின் இரண்டு பக்கங்கள் என்றே நினைக்கிறேன்.

இசைக்கும் இது பொருந்துமா என்று பார்த்தது மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் ஸடோரியும் 2011இல் வெளியிட்ட ஆய்வு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. கொஞ்சம் நின்று சொல்கிறேன். இசை கேட்டால் உடல் சிலிர்ப்பவர்களாகத் தேடி எட்டுப் பேரைத் தேர்ந்தார்கள். அவரவருக்குச் சிலிர்ப்பு தரும் இசையை அவர்களே கொண்டுவர வேண்டும். சொற்கள் கூடாது, வாத்திய இசை மட்டும். டோபமினை நேரடியாக எண்ண முடியாது. அதற்கு அவர்கள் செய்த தந்திரம் காட்டுப்பள்ளிக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். டோபமினைக் கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூளைச் செல்லின்மேல் அது வந்து அணையும் இடங்கள் துறைமுகத்தின் பெர்த்துகள். அதே பெர்த்துகளில் அணையக்கூடிய, லேசான கதிர்வீச்சு அடையாளமிட்ட ராக்லோபிரைடு என்ற மருந்தை ஊசி வழியே அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கப்பல்கள் ஏற்கெனவே பெர்த்துகளை நிறைத்திருந்தால், அடையாளமிட்ட கப்பல்களுக்கு இடம் கிடைக்காது. எங்கே அடையாளம் குறைவாகத் தெரிகிறதோ அங்கே டோபமின் அதிகம் சுரந்திருக்கிறது.

இந்த முறை இடத்தைக் காட்டும், நேரத்தைக் காட்டாது. அதனால் அதே ஆட்களை இன்னொரு வகை ஸ்கேனிலும் படுக்கவைத்து இரண்டையும் பொருத்திப் பார்த்தார்கள். சிலிர்ப்பு வரும் நொடியில் அக்கும்பென்ஸ் என்ற பகுதி உச்சத்தில் இருந்தது. அதற்கு முந்தைய பதினைந்து நொடிகளில், பாட்டு அந்த இடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, உச்சத்தில் இருந்தது வேறொரு பகுதி, காடேட். எதை அடுத்து எது வரும் என்று கற்றுவைப்பதில் பங்குள்ள பகுதி அது. கிடைக்கும் இன்பத்துக்கு முன்னால், 'இதோ வரப்போகிறது' என்பதற்கென்றே தனியாக ஒரு சுரப்பு இருக்கிறது. காத்திருப்பதே சுகம் என்று என் அக்கா மகன் சொன்னபோது அதை ஆறுதல் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். இந்த ஆய்வைப் படித்தபின் அவன் சொன்னது உள்ளபடியே சரி என்று தோன்றியது.

ஆனால் அந்த எட்டுப் பேரும் தங்களுக்கு அத்துப்படியான இசையைக் கேட்டவர்கள். கேட்டறியாத பாட்டுக்கு? அதே குழு 2013இல் பத்தொன்பது பேருக்கு, அவர்கள் முன்பு கேட்டிராத அறுபது பாட்டுகளின் துணுக்குகளைப் போட்டுக் காட்டியது. பிடித்திருந்தால் சொந்தக் காசில் விலை சொல்ல வேண்டும். யார் எவ்வளவு கொடுக்க முன்வருவார்கள் என்பதை அக்கும்பென்ஸின் வேகம் காட்டிக்கொடுத்தது. அதைவிட முக்கியம், விலை ஏற ஏற அந்தப் பகுதி, ஒலியைக் கேட்டு அறியும் புறணியோடு இறுக்கமாகப் பேசத் தொடங்கியது. வாழ்நாள் முழுக்கக் கேட்ட இசையின் இலக்கணம் படிந்திருக்கும் இடம் அந்தப் புறணி. புதுப் பாட்டைப் பழைய பாட்டுகளின் காதால்தான் கேட்கிறோம்.

என் அக்கா மகனின் காதில் என்னென்ன படிந்திருந்தன? சாவு ஊர்வலத்தில் அதிரும் சட்டி, கட்டமொளம் என்ற மேளங்கள். இரவெல்லாம் ஒலிக்கும் மரண கானா. மாதா கோயில் பாட்டு. அப்பா வைத்திருந்த இளையராஜா. செல்போன் வந்தபின் சேர்ந்த மின்கிட்டார். இவற்றில் எதுவும் இன்னொன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. இப்போது உட்காரப்போகின்றன என்றார்கள். அந்த நான்கு நாளும் அவன் மண்டைக்குள் சட்டியும் கிட்டாரும் ஒத்திகை பார்த்திருக்கும். வராத கச்சேரியை அவனே பலமுறை நடத்திப் பார்த்திருப்பான்.

எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் இந்தத் துடிப்பு இருக்காது. ஷுல்ட்ஸ் குழுவின் 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், சாறு கட்டாயம் வரும் என்ற படத்துக்கும் வரவே வராது என்ற படத்துக்கும் பிறகு காத்திருக்கும் நேரத்தில் டோபமின் செல்கள் அமைதியாக இருந்தன. பாதிக்குப் பாதி என்ற படத்துக்குப் பிறகோ, சாறு வரவேண்டிய நொடியை நோக்கித் துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. இதைக் கழிவெளியில் வலை போட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டு மீனவ ஊர்களில் இறால் பிடிப்பை முறைவைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் 'பாடு' என்று பெயர். தன் முறை எந்த நாளில் என்பது தெரியும். அன்றைக்கு இறால் ஏறுமா என்பது தெரியாது. பாடு என்ற சொல்லே பாட்டுக்கும் வேராக இருப்பது தற்செயல்தான் என்றாலும், எனக்கு அது பிடித்திருக்கிறது. தேதி உறுதி, உள்ளே இருப்பது உறுதியில்லை. ஒரு புது இசைத் தொகுப்பின் அமைப்பும் அதுவே.

இந்த உறுதியும் உறுதியின்மையும் எப்போது இனிக்கின்றன என்று பார்க்க, லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் வின்சென்ட் சியுங் 745 அமெரிக்கப் பாப் பாடல்களிலுள்ள 80,000 சுரக்கூட்டுகளை (chord) அலசி, மெட்டையும் சொற்களையும் நீக்கிய சில சுரக்கூட்டுத் தொடர்களை மக்களுக்குக் கேட்கக் கொடுத்தார். 2019இல் வெளிவந்த முடிவு இது: அடுத்து என்ன வரும் என்று உறுதியாக நம்பியிருக்கும்போது வேறொன்று வந்தால் இன்பம். என்ன வரும் என்றே தெரியாமல் தவிக்கும்போது பழகியது வந்து கைகொடுத்தாலும் இன்பம்.

முதல் வகைக்கு எங்கள் கழிமுகத்திலேயே பிறந்த சான்று உண்டு. 2017 சனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடிய 'சென்னை பொறம்போக்குப் பாடல்'. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியது. கர்நாடக ராகமாலிகையில் அமைந்தது. ஆலாபனைக்குப் பழகிய காது இன்ன சொல்தான் வரும் என்று காத்திருந்த இடத்தில், தெருவில் வசைச்சொல்லாகிப்போன 'பொறம்போக்கு' வந்து உட்கார்ந்தது. ராகம் குலையவில்லை. ஊருக்குப் பொதுவான நிலம் என்ற அதன் பழைய பொருள் திரும்பி வந்தது. இரண்டாவது வகை அந்தக் கீழ்ப்பாக்கம் மேடையில் என் அக்கா மகனுக்கு நடந்தது. மின்கிட்டார் எங்கோ புரியாத பக்கம் இழுத்துக்கொண்டு போனபோது, சட்டி இறங்கி அடித்தது. "நம்ம சட்டி மாமா!" என்று மறுநாள் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது.

ஓர் எச்சரிக்கை. ஆய்வகங்கள் அளந்திருப்பது நொடிகளை. எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழு, எலி இரையை நெருங்க நெருங்க டோபமின் படிப்படியாக ஏறுவதை 2013இல் காட்டியது. அதுவும் நொடிக் கணக்குதான். தமிழ்நாட்டின் மிக நீண்ட இசைக் காத்திருப்பு அப்படியல்ல. 1993இல் இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளிவரவேயில்லை. கேசட் கடையில் "சிம்பொனி வந்துச்சா?" என்று நான் கேட்ட வயதும், அந்தக் கடையே இல்லாமல் போன வயதும் கடந்துபோயின. 2005இல் அவருடைய 'திருவாசகம்' இசைத்தொகுப்பு வந்தது, அந்தச் சிம்பொனி வரவில்லை. கடைசியில் 2025 மார்ச் 8 அன்று, தமது 81ஆம் வயதில், லண்டன் அப்பல்லோ அரங்கில் 'வேலியண்ட்' என்ற சிம்பொனியை அவர் அரங்கேற்றினார். 1993இன் படைப்பு அன்று, புதிதாக எழுதியது. முப்பத்திரண்டு ஆண்டு எந்த மூளையிலும் டோபமின் ஏறிக்கொண்டே இருக்காது. செய்தித்தாளில் ஒரு வரி, பேட்டியில் ஒரு வாக்கியம் என்று அவ்வப்போது ஒரு விளக்கு எரியும், அணையும். இடைப்பட்ட காலத்தில் அந்த ஆசை நினைவாகக் கிடந்திருக்கிறது.

எவ்வளவு காத்திருப்பு இனிக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1987இல் மாணவர்களிடம் ஒரு கற்பனைக் கேள்வி கேட்டார்: மனதுக்குப் பிடித்த நடிகரின் முத்தம் இப்போதே வேண்டுமா, சில மணி நேரம் கழித்தா, ஒரு நாள், மூன்று நாள், ஓராண்டு, பத்தாண்டு கழித்தா? ஒவ்வொன்றுக்கும் என்ன விலை தருவீர்கள்? அதிக விலை மூன்று நாளுக்கு. உடனே கிடைப்பதைவிட, மூன்று நாள் நினைத்து நினைத்து மகிழக் கிடைப்பது உயர்வாகத் தெரிந்திருக்கிறது. "நாலு நாள் கீது மாமா" என்ற குரல் எனக்கு நினைவுக்கு வந்தது.

கடைசியாக நான் காட்டுப்பள்ளிக்குப் போனபோது அவன் இரவு ஷிப்டில் இருந்தான். அவனுக்கு உயிரான ஒரு கிட்டார் கலைஞரின் புதுத் தொகுப்பு நள்ளிரவில் வெளியாகியிருந்தது. யார்டில் காதில் எதையும் மாட்டக் கூடாது. பின்னால் வரும் வண்டியின் ஓசை கேட்க வேண்டும். ஆறு மணி நேரம் பையில் போனை வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறான். காலையில் என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகொன்றில் சாய்ந்து உட்கார்ந்தோம். ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். முதல் பாட்டைத் தொட்டான். அங்கே சிக்னல் குறைவு. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தூரத்தில் கிரேன்களின் பீப் ஒலி, பக்கத்தில் அலை. பாட்டு இன்னும் வரவில்லை. அவனுடைய தோள் தாளத்துக்கு அசையத் தொடங்கியிருந்தது.