மின் சந்தையில் விலை எகிறுவது எப்படி? வகுப்பறையில் ஆடிப் பார்க்கலாம்

காக்ஸ் டவுன் வீடுகளுக்கு வரும் பெஸ்காம் பில்லில் யூனிட் விலை மணிக்கு மணி மாறாது. ஆனால், விநியோக நிறுவனங்கள் பற்றாக்குறைக்கு நாடும் மின் சந்தையில் அப்படியில்லை. 2008-ல் தொடங்கிய ஐஇஎக்ஸில், மறுநாள் மின்சாரத்துக்கான ஏலத்தில் 96 விலைகள்: 15 நிமிடத்துக்கு ஒன்று.

இதைப் பொறியியல் மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? ஆட விட்டால் போதும்.

மூன்று மாணவர்கள் விற்பனையாளர்கள். ஆளுக்கு 100 யூனிட். சூரிய சக்தி 2 ரூபாய், நிலக்கரி 4, எரிவாயு 9 என்று வைத்துக்கொள்வோம். தேவை 180 யூனிட் என்றால், கடைசியாகத் தேவைப்படுவது நிலக்கரி. அதன் 4 ரூபாய்தான் எல்லோருக்கும் விலை. மொத்தம் 720 ரூபாய். தேவை 210 ஆனால்? எரிவாயுவின் 9 ரூபாய்! மொத்தம் 1,890.

அடுத்த சுற்றில், நிலக்கரி மாணவர் 30 யூனிட்டை 'பழுது' என்று ஒளித்துவைக்கிறார். தேவை அதே 180தான், விலையோ 9. முன்பு 80 யூனிட்டுக்கு 320 ரூபாய் கிடைத்தவருக்கு, இப்போது 70 யூனிட்டுக்கே 630.

உச்சவரம்பும் கண்காணிப்பும் எதற்கு என்பது இங்கேதான் புரியும். 2022 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 12 ரூபாய் என வரம்பு போட்டது. 2023-ல் அதை 10 ஆக்கியது. கொள்முதல் செலவு கூடினால், சரிக்கட்டல் கட்டணமாக அது நம்ம பில்லுக்கே வந்து சேரும்.