பழைய ட்ரயம்ப் எஞ்சினுக்குப் புதிய கேம்ஷாப்ட்: பூட்டுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, யாழ்ப்பாணத்து வீதிகளில் புகை கக்கிக்கொண்டு போனதை எங்கள் வயதுக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். வண்டி ஓடினால் போதும் என்பதே அன்றைய கவலை. இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அது போதாது.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் வட்டத்துப் பிள்ளை ஒருவன், வேலை செய்து சேர்த்த காசில் 1967ஆம் ஆண்டு ட்ரயம்ப் பொனவில் ஒன்றை வாங்கி வந்தான். கூடவே 'ஹை லிஃப்ட்' கேம்ஷாப்ட் ஒரு சோடி, அழுத்தம் கூடிய பிஸ்டன் இரண்டு. தகப்பனுக்கு இரண்டு பயம். பிள்ளை விழுந்துவிடுவானோ என்பது ஒன்று. காசு கரைந்துவிடுமோ என்பது மற்றது. ஊரில் கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவர், தகப்பன், மகன், கணக்கெழுத மட்டும் தெரிந்த இக்கட்டுரைக்காரர் என நாலு பேராக இறங்கினோம்.

இந்த எஞ்சினின் வேர் எட்வர்ட் டேர்னர் வடிவமைத்து 1937இல் வெளிவந்த ஸ்பீட் ட்வினில் இருக்கிறது. கொவென்றியில் இருந்த தொழிற்சாலை 1940 நவம்பர்க் குண்டுவீச்சில் அழிந்தது. பிறகு பக்கத்து மெரிடனுக்குப் போய் அங்கே 1983 வரை இயங்கியது. அதுவும் எங்களைப் போல இடம்பெயர்ந்ததுதான். பொனவில் 1959ஆம் ஆண்டுக்கான மொடலாக வந்தது: இரட்டைச் சிலிண்டர், 649 சிசி.

இதில் கேம்ஷாப்ட் இரண்டு. சிலிண்டருக்குப் பின்னால் இருப்பது உள்வாங்கும் வால்வுகளுக்கு, முன்னால் இருப்பது புகைபோக்கும் வால்வுகளுக்கு. கேமின் மேடு டப்பெட்டைத் தூக்க, டப்பெட் தள்ளுகோலைத் தூக்க, றொக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். மேட்டை உயர்த்தினால் வால்வு கூடுதலாகத் திறக்கும்; அகலமாக்கினால் கூடுதல் நேரம் திறந்திருக்கும். வேகக் கேம்கள் பெரும்பாலும் இரண்டையும் செய்கின்றன.

இதில் வரவு மட்டும் இல்லை, செலவும் உண்டு. பொனவிலின் அசல் கேமிலேயே உள்வாங்கும் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வர 34 பாகை இருக்கும்போது திறந்து, அடிக்குப் போய் மேலே திரும்பி 55 பாகை கடந்த பிறகே மூடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, உள்ளே பாயும் கலவை தன் உந்தலாலேயே தொடர்ந்து நுழையும். மெதுவாகச் சுழலும்போது மேலேறும் பிஸ்டன் அதே கலவையைக் காபுரேற்றர் பக்கம் திருப்பித் தள்ளிவிடும். மூடும் நேரத்தை இன்னும் பிந்தினால் மேலே கிடைப்பதைக் கீழே இழக்கிறோம். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் அழுத்தம் கூடிய பிஸ்டன். எங்களுக்குச் சிக்கலைத் தந்ததும் அந்தப் பிஸ்டன்தான்.

கேம்ஷாப்டை வெளியே எடுக்க எஞ்சின் அடிப்பெட்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். கேம் சக்கரங்களைப் பிடித்திருக்கும் நட்டுகள் இடப்புரி என்பதைப் பிள்ளை அறிந்திருக்கவில்லை. நீள ஸ்பானர் போட்டு மற்றப் பக்கம் திருப்பப் போனவனை அண்ணை கையில் தட்டி நிறுத்தினார். பின் கேமின் இடது முனை எஞ்சின் மூச்சுவிடும் வட்டத்தட்டையும், முன் கேமின் வலது முனை பொயின்ற் தொகுதியையும் சுழற்றுகின்றன. புதிய கேமின் முனைகள் இவற்றோடு பொருந்துகின்றனவா என்று முதலே பார்ப்பது நல்லது. டப்பெட்டின் அடிவளைவும் அப்படித்தான். எந்த வளைவுக்கென்று கேமைக் கடைந்தார்களோ அதே வளைவு வேண்டும். பழைய டப்பெட்டைப் புதிய கேமில் ஓட விட்டால் இரண்டும் தேயும்.

பற்சக்கரங்களில் குறிகள் உண்டு. நடுச்சக்கரத்தின் பற்கள் 47. அதனால் ஒருமுறை நேரே வந்த குறிகள் மறுபடி நேரே வர 94 சுற்று சுற்ற வேண்டும். இது தெரியாமல் இரவிரவாகத் தலையைப் பிய்த்தவர்கள் உண்டு. வேகக் கேமுக்குக் குறியை மட்டும் நம்பவும் கூடாது. கிராங்கில் பாகைத்தட்டைப் பூட்டி, உச்சிப் புள்ளியைச் சரியாகக் கண்டு, டப்பெட் மேல் டயல் கேஜ் வைத்தோம். முழு உயரத்துக்கு இரு பக்கமும் ஒரே அளவு இறங்கும் இடங்களின் பாகையைக் குறித்து, நடுவைக் கண்டு, கேமோடு வந்த தாளுடன் ஒப்பிட்டோம். வித்தியாசம் இருந்தது. கேம் சக்கரத்தில் மூன்று சாவிக் குழிகள் இருப்பது இதற்காகத்தான். வேறு குழிக்கு மாற்ற ஒரு பல்லுக்கும் குறைவான அளவில் நகர்த்த முடிகிறது.

அடுத்தது பிளாஸ்ரிசின். சிறுபிள்ளைகள் உருட்டி விளையாடும் அதே களிதான். பிஸ்டன் தலையில் அப்பி, தலைப்பகுதியைப் பூட்டி இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, திரும்பக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தை வெட்டித் தடிப்பை அளக்க வேண்டும். ஒரு நாள் வேலை. பிள்ளை இதை விட்டுவிடலாம் என்றான். விற்றவர் எல்லாம் பொருந்தும் என்று சொன்னாராம். அண்ணை கேட்கவில்லை. உள்வாங்கும் பக்கம் குறைந்தது ஒன்றரை மில்லிமீற்றரும் புகைபோக்கும் பக்கம் இரண்டும் வேண்டும் என்பது நாங்கள் கைக்கொண்ட கணக்கு. உள்வாங்கும் பக்கம் வந்தது முக்கால் மில்லிமீற்றர்.

"தம்பி, எஞ்சின் சூடாகி நல்லா இழுக்கேக்க இது முட்டும். முட்டினா வால்வு உடைஞ்சு உள்ளுக்க இறுகும், பின்சில்லும் இறுகும். அப்ப நீ எந்த ரோட்டில நிப்பாய்?"

தகப்பன் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைதான் பிஸ்டன்களைத் துணியில் சுற்றிக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோய், வால்வுக் குழிகளை ஆழமாக்கிக்கொண்டு வந்தான். திரும்பவும் களி வைத்து அளந்தோம். ஸ்பிரிங்குகளையும் பார்த்தோம்: வால்வு முழுதாகத் திறந்த நிலையில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டவோ, மேல் வளையம் வால்வு வழிகாட்டியில் இடிக்கவோ கூடாது, ஒரு மில்லிமீற்றராவது மீதி இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதிய கேமுக்கும் டப்பெட்டுக்கும் அதற்கான பசையைத் தாராளமாகப் பூசி, துத்தநாகச் சேர்மம் கூடிய பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றி, கிளம்பியவுடன் நிமிடத்துக்கு 2000 சுற்றுக்குக் குறையாமல் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். மெதுவாக ஓடவிட்டால் தெறிக்கும் எண்ணெய் மேடுகளுக்குப் போதாது. நின்ற இடத்தில் அவ்வளவு நேரம் ஓடினால் எஞ்சின் கொதிக்கும் என்பதால் எதிரே பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலே சொல்லி வைத்தது நல்லதாகப் போயிற்று.

நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு இந்த வேலையை நாங்கள் சொல்ல மாட்டோம். 3000 சுற்றுக்குக் கீழே வண்டி இப்போது முன்பைவிடச் சோம்பல். சிவப்பு விளக்கில் விக்கி நிற்கிறது. நாலாயிரம் தாண்டியதும் வேறு வண்டி. செலவுத் தாளைக் கூட்டிப் பார்த்தால் கேமின் விலையைவிடக் கடைசல், ஸ்பிரிங், காஸ்கெட் எல்லாம் சேர்ந்து கூட. வாங்குமுன் அதையும் எழுதிப் பார்த்தால் நல்லது.

முதல் 250 மைலில் தலைப்பகுதி நட்டுகளைத் திரும்ப இறுக்கி, வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். அதற்கு நாள் குறித்து எங்கள் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தவர் தகப்பன்.