பொய்கைச் சந்தை

ஒரு நாட்டின் சிறப்பை எடுத்துரைக்கப் புகுவோர் அதன் மாடங்களையும் கோட்டைகளையும் தொழிற்சாலைகளையுமே பெரும்பாலும் சுட்டிக் காட்டுவர். நம் பகுதியைக் கூறுமிடத்தும், வேலூர் என்றால் கோட்டையும் மருத்துவமனையும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்றால் தோல் பதனிடும் சாலைகளுமே முதற்கண் நினைவுக்கு வருகின்றன. ஆயின், சுவரும் கூரையும் இன்றி, வாரத்தில் ஆறு நாள் வெறுவெளியாய்க் கிடந்து, ஏழாம் நாளில் பல ஊர் உழவரின் வாழ்வைத் தாங்கி நிற்கும் ஓரிடத்தை நாம் நினைப்பது அரிது. அதுவே சந்தைவெளி. அஃது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையும், அதனால் எளியோர் அடையும் பயன் யாதென்பதையும் சிறிது ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தை நமக்குப் புதியதன்று. மதுரை மாநகரில் பகற்பொழுதில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்தன என்பதை மதுரைக்காஞ்சியால் அறிகின்றோம். புகார் நகரில் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே இருந்த சோலையில், மரங்களின் அடியிலேயே நாளங்காடி கூடியது என்று சிலப்பதிகாரம் கூறும். அவ்வங்காடியைக் காப்பதற்கு ஒரு பூதம் இருந்தது என்பதும் அக்காப்பியத்துச் செய்தி. கிரேக்கரது ஏதென்ஸ் நகரிலும் அகோரா என்னும் பொதுவெளியே விற்கும் இடமாகவும், வழக்கு உரைக்கும் இடமாகவும், அறிஞர் வாதிடும் இடமாகவும் விளங்கிற்று. அப்போஸ்தலனாகிய பவுல் அந்நகரத்தாருடன் நாள்தோறும் உரையாடியதும் அவ்வெளியிலேயே. நம் நாட்டிற்கு வந்த ஆங்கிலேயர் இதற்கு ஈடான சொல்லைத் தம் மொழியிற் காணாமையாற்போலும், நம் சந்தை என்னும் சொல்லையே ‘ஷாண்டி’ எனத் திரித்து வழங்கினர்.

நிற்க. நம் மாவட்டத்தில் இன்றும் வாரச்சந்தைகள் பல உள. திங்கட்கிழமை கே. வி. குப்பத்திலும் வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரிலும் ஆட்டுச்சந்தை கூடும். இவற்றிற்கெல்லாம் தலையாயது செவ்வாய்க்கிழமைதோறும் பொய்கையிற் கூடும் மாட்டுச்சந்தை. பொய்கை என்பது வேலூருக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை அடுத்துள்ள ஊர். நம் மாவட்டத்தார் மட்டுமன்றி, அண்டை நாடுகளாகிய ஆந்திரத்தினின்றும் கருநாடகத்தினின்றும் வியாபாரிகள் ஆண்டு வருவர். நல்ல வாரங்களில் ஒரு கோடி ரூபாய்க்கு மேலும் விற்பனை நடந்ததாக நாளிதழ்கள் எழுதியதுண்டு.

பொழுது புலருமுன்னரே சிறு லாரிகளிலும் வண்டிகளிலும் மாடுகள் வந்து இறங்கும். கறவைப் பசு, சினைப் பசு, கிடாரி, உழவெருது, எருமை என அவை தனித்தனிக் குழுக்களாய்க் கட்டப்பெறும். ஒரு பக்கம் மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் கழுத்துமணியும் விற்போர். மற்றொரு பக்கம் காய்கறி விற்போர். இடையிடையே தேநீரும் இட்டிலியும் விற்போர். வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதி வாணிகம் முடிந்துவிடும்.

மாடு வாங்குவோன் முதலிற் செய்வது அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணுதல். மாட்டிற்கு மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை. கீழ்வரிசையில் எட்டு உண்டு. கன்றுப் பருவத்துப் பாற்பற்கள் விழுந்து, ஏறத்தாழ இரண்டு வயதில் நடுவில் இரண்டு நிலைப்பற்கள் தோன்றும். பின்னர் ஓராண்டிற்குச் சற்றுக் குறைந்த இடைவெளிகளில் ஓரோர் இணையாக நான்கு, ஆறு, எட்டு எனப் பெருகி, நான்கு அல்லது நான்கரை வயதில் நிரம்பும். எட்டும் நிரம்பியதைக் கடை முளைத்த மாடு என்பர். அதன்பின் பல்லின் தேய்வைக் கொண்டே வயது மதிக்கவேண்டும். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழி எங்ஙனம் பிறந்தது என்பது இச்சந்தையில் நின்று பார்ப்பவர்க்கு எளிதில் விளங்கும். பசுவாயின் கொம்பிலுள்ள வளையங்களையும் நோக்குவர்; ஒவ்வொரு ஈற்றிற்கும் ஒரு வளையம் அமைதல் இயல்பு. அதனை மறைக்கக் கொம்பைச் சீவி மெருகிடுவோரும் உளர். மடி பெருத்துத் தோன்றவேண்டும் என்று முதல்நாள் பால் கறவாமலே கொண்டுவருவோரும் உளர். ஆதலின், அறிந்தவன் மடியின் பருமனை நம்பான். கறந்து பார்த்தே விலை பேசுவான்.

இனி, விலை பேசும் முறையைக் காண்போம். இதுவே புதிதாய்ச் செல்வோர்க்குப் பெருவியப்பைத் தருவது. தரகர் தம் தோளிலுள்ள துண்டை எடுத்து, தம் வலக்கையின்மேலும் எதிரில் நிற்பவரது வலக்கையின்மேலும் போர்த்துக் கொள்வார். துண்டின் மறைவில் விரல்களே பேசும். ஒரு விரலைப் பற்றினால் ஒன்று. இரண்டைப் பற்றினால் இரண்டு. கை முழுவதையும் பற்றினால் ஐந்து. அதற்கு மேற்பட்ட எண்களுக்கு மீண்டும் விரல்களைப் பற்றிக் கூட்டிக் கொள்வர். பற்றியது ஆயிரமோ நூறோ என்பது பேச்சின் போக்கினாலும் மாட்டின் தரத்தினாலும் இருவர்க்கும் தெரியும். குறிகள் இடத்திற்கிடம் சிறிது வேறுபடும். வாய் “இது கட்டாது, அது கட்டாது” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். விலையோ விரலில் ஏறிக்கொண்டிருக்கும். சூழ நிற்போர்க்கு ஒன்றும் புலனாகாது. இசைவு ஏற்பட்டவுடன் துண்டு விலகும், அச்சாரம் கைமாறும்.

இம்முறையை முதன்முதற் கண்டபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. சந்தை என்பது பலரும் காணும் பொதுவெளி அன்றோ? அங்கே விலையை மட்டும் மறைப்பது என்னை? மறைவில் நடப்பது எளியவனை ஏமாற்றுதற்கே துணையாகாதோ? இவ்வையத்தைத் தீர்த்து வைத்தவர் என் தாய்மாமன். அவர் பள்ளிகொண்டாவை அடுத்த ஒரு சிற்றூரில் சிறிது நிலமும் இரண்டு கறவைப் பசுக்களும் வைத்திருந்தவர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது சந்தைகளும் மூடப்பட்டன. அந்நாட்களில் என் பாட்டியாரின் மருத்துவத்திற்காக மாமன் ஒரு பசுவை விற்க நேர்ந்தது. வீடு தேடி வந்தவர் ஒரே வியாபாரி. திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன விலை 17,000 ரூபாய். ‘வேண்டாம்’ என்றால் வேறொருவர் வருவார் என்னும் உறுதி இல்லை. மருத்துவம் காத்திருக்கவும் இல்லை. பசு அவ்விலைக்கே சென்றது. சந்தைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், அடுத்த ஆண்டில், மற்றப் பசுவைப் பொய்கைக்கு ஓட்டிச் சென்றார். பள்ளி மாணவனாயிருந்த யானும் உடன் சென்றேன். அப்பசு முன்னதினும் ஓர் ஈற்று முதிர்ந்தது. முதல் தரகர் துண்டின் கீழ் 20,000 என்றார். மாமன் கையை விடுவித்துக் கொண்டார். இரண்டாமவர் 22,000 என்றார். மூன்றாமவர் 24,500இல் நின்றார்; அவ்விலைக்கே முடிந்தது. பழைய கயிற்றை அவிழ்த்து மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு மாமன் என்னிடம் கூறியது இன்றும் என் நினைவில் உள்ளது: “மாப்பிள்ளை, திண்ணைக்கு ஒரு கைதான் வந்தது. இங்கே மூன்று கை வந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.”

ஊரடங்கின்போது பால் விற்பனை குன்றியிருந்ததும் அன்றைய குறைந்த விலைக்கு ஒரு காரணமாகலாம். எனினும், சந்தைவெளியின் பயன் முழுதும் மாமனது அச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது. துண்டு மறைப்பது எண்ணை மட்டுமே; விற்பவன் ஒரு கையை உதறிவிட்டு மறுகையைப் பற்றும் உரிமையை அது மறைப்பதில்லை. முதலில் வந்தவர் எவ்வளவு குறைத்துக் கேட்டார் என்பது பின்வருவோர்க்குத் தெரியாமையால், விற்பவனது வறுமை பலரறிய விலைபோவதும் இல்லை. இதன்கண் ஒரு தீங்கும் உண்டென்பதை மறுத்தற்கில்லை. விற்பவனிடம் ஓர் எண்ணும் வாங்குபவனிடம் வேறோர் எண்ணும் காட்டி, இடைப்பட்டதைத் தாமே கொள்ளும் தரகரும் இருத்தல் கூடும். அதற்கு மருந்து, பேச்சு மறைவில் நடப்பினும் பணத்தை இரு திறத்தாரும் நேர் நின்று எண்ணி வாங்குதலே. மாமன் அவ்வாறே செய்தார்.

தோல் தொழிலால் வாழும் நம் பகுதிக்கு இச்சந்தைகளோடு உள்ள உறவும் கருதத்தக்கது. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தென்னாட்டுத் தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து சென்று பெயர் பெற்றது. இன்று நம் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய தோல் பல மாநிலங்களினின்றும் வெளிநாடுகளினின்றும் வருகின்றது. ஆதலின் பொய்கையில் விற்ற மாடே ஆம்பூர்க் காலணியாகின்றது என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் உழவன் முதிர்ந்த மாட்டை விற்று அப்பணத்தோடு சிறிது கூட்டி இளமாட்டை வாங்குகின்ற சுழற்சி எங்கும் ஒன்றே. அச்சுழற்சியின் ஒரு முனையில் பால்வாணிகமும் மறுமுனையில் இறைச்சியும் தோலும் நிற்கின்றன.

இவ்வுண்மை 2017ஆம் ஆண்டில் நாட்டிற்கு நன்கு விளங்கிற்று. அவ்வாண்டு மே 23ஆம் நாள் மத்திய அரசு, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சட்டத்தின் கீழ்ச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. வெட்டுதற்பொருட்டுச் சந்தையில் மாடு விற்றலாகாது என்பது அவற்றுள் ஒன்று. உழவர் பலரும் வணிகரும் தோல் தொழிலாளரும் தம் பிழைப்பைக் குறித்து அஞ்சினர். மே 30ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தடை நாடு முழுமைக்கும் செல்லும் என்றது. அவ்வழக்கின் ஆரவாரத்தில் பலரும் மறந்தது ஒன்றுண்டு. சந்தையில் நிழலும், குடிநீர்த் தொட்டியும், மாடுகளை ஏற்றி இறக்கச் சாய்மேடையும், மருத்துவ உதவியும் இருத்தல் வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இருந்தது. முன்னதைப் பற்றி எவர் கருத்து எதுவாயினும், பின்னதை மறுப்பார் யார்?

இலண்டன் மாநகரின் வரலாறு ஈண்டு நமக்கு ஒரு பாடமாகும். அந்நகரின் நடுவே ஸ்மித்ஃபீல்டு என்னுமிடத்தில் பல நூற்றாண்டுகளாக உயிர்மாட்டுச் சந்தை நடந்து வந்தது. நெருக்கடியும் அழுக்கும் பெருகவே, 1855ஆம் ஆண்டில் அதனை இஸ்லிங்டன் பகுதிக்கு மாற்றினர். சந்தையை ஒழித்தாரல்லர், அதற்கெனத் தகுந்த இடம் அமைத்தே மாற்றினர். நம் தமிழ்நாட்டிலும் 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையிற் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைகள், காய்கறி விளைவிப்போன் இடைத்தரகரின்றித் தானே விற்பதற்கு இடந்தந்தன. வேலூரில் டோல்கேட்டிலும் காகிதப்பட்டறையிலும் அவற்றைக் காணலாம். காய்கறிக்குக் கூரை அமைத்த நாம் கால்நடைக்கு ஏன் நிழல் அமைத்தல் கூடாது?

பொதுவாகச் சந்தையை உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைதாரர் மாடொன்றிற்கு இவ்வளவென்று சுங்கம் பெற்றுச் சீட்டுத் தருவர். ஏழை உழவன் செலுத்தும் அச்சிறு காசு அவ்வெளியின் நீருக்கும் நிழலுக்கும் துப்புரவிற்கும் ஓரளவேனும் திரும்பி வருதல் முறை. நான் கண்ட சந்தைகளுட் சிலவற்றில், சினைப்பசுக்கள் நண்பகல் வரை வெயிலில் நிற்கின்றன. பால்குடங்களை விற்க வந்த மூதாட்டியர் ஒதுங்கவும் இடமில்லை. மழை பெய்தாலோ சேற்றில் மாடும் மனிதனும் ஒருங்கே வழுக்குகின்றனர்.

சந்தைவெளி வாணிகத்திற்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூறி முடிப்பேன். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் நடைபெறும் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் ஊரின் தெருக்களே ஒருநாட் சந்தையாகின்றன. அதுபோலவே செவ்வாய்க்கிழமைப் பொய்கையிலும் மாட்டோடு செய்தியும் வந்திறங்குகின்றது. எவ்வூரில் மழை, எவர் வீட்டில் திருமணம், எக்கிணற்றில் நீர் என்பன அங்கே விசாரிக்கப்படுகின்றன. சாதியும் சமயமும் மொழியும் வேறுபட்டோர் ஒரே துண்டின்கீழ்க் கைகோக்கின்றனர். அத்தகைய இடங்கள் நாட்டில் மிகுதியாக இல்லை.

ஆதலின், நேயர்களே, கல்வி முடித்து அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் மன்ற உறுப்பினர்களாகவும் செல்லவிருக்கும் நாம், ஒரு செவ்வாய்க்கிழமையேனும் பொய்கைக்குச் சென்று பார்த்தல் நன்று. மரம் நடுவதைத் தொண்டாகக் கொள்ளும் நம் கல்லூரிச் சங்கங்கள், நடும் கன்றுகளிற் பத்தை ஒரு சந்தைவெளியின் ஓரத்தில் நட்டு, மூன்று கோடைகள் நீர் ஊற்றிக் காத்தால், அது சிறு தொண்டாகாது. புகார் நகரத்து நாளங்காடிக்கு மரநிழல் இருந்தது, காவற்பூதமும் இருந்தது. நம் சந்தைகளுக்குப் பூதமில்லை. திண்ணைக்கு ஒரு கை மட்டுமே வரும் நிலை எளியவனுக்கு மீண்டும் நேராதவாறு அவ்வெளியைக் காத்தல் நம் கடமையே.